காக்கா தொடாத சோறு

ஸ்டூடியோவில் புதிதாகக் கட்டியிருக்கும் தளத்தைப் பார்க்கப் போன மாதம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றுப் பல காலம் ஆனாலும் இந்த மாதிரி விழாவுக்கு எனக்கு மறக்காமல் ஆள் அனுப்புவார்கள். ஒலிப்பதிவில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை கனமான கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது என்று பெருமை அடித்துக்கொண்டான். சுவரெல்லாம் மெத்தை, தலைக்கு மேலே கூரை, குளுகுளுவென்று காற்று. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அப்படியானால் காக்காவுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். எந்தக் காக்கா என்று அவன் திருப்பிக் கேட்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஸ்டூடியோவில் எனக்கு முதலில் கொடுத்த உத்தியோகமே காக்கா விரட்டுவதுதான் என்று சொன்னதும், அவனும் கூட்டாளிகளும் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடுங்கள் என்று இப்போது ஆளுக்கு ஆள் நச்சரிக்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

படம் பேச ஆரம்பித்த புதிது. அடையாற்றில் ஆற்றை ஒட்டிய ஒரு தோப்புதான் ஸ்டூடியோ. தளத்துக்குக் கூரை கிடையாது. சூரியன்தான் விளக்கு. வெயில் அதிகமானால் மேலே வெள்ளைத் துணியை இழுப்பார்கள், இருட்டு வேண்டுமானால் கறுப்புத் துணியை இழுப்பார்கள். படம் பிடிப்பதற்கு இது போதும். சத்தம் பிடிக்கத்தான் போதாது. மைக்கு என்பது பாரபட்சம் பார்க்காத யந்திரம். கதாநாயகன் மனைவியை இழந்து உருகிப் பாடினால் அதையும் எடுத்துக்கொள்ளும், தென்னை மரத்தில் இருக்கும் காக்கா கத்தினால் அதையும் எடுத்துக்கொள்ளும். ஒரு படத்தில் ராஜா ஒவ்வொரு உத்தரவு போடும்போதும் காக்கா ஒரு தடவை ஆமோதித்தது. ஜனங்கள் கொட்டகையில் உருண்டு சிரித்தார்களாம். அதற்குப் பிறகுதான் இதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர் வேகமான ஆள். துப்பாக்கியால் ஒரு காக்காவைச் சுட்டு வீழ்த்திவிட்டார். அவ்வளவுதான், திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் உள்ள காக்காய்களெல்லாம் துக்கம் கேட்க வந்துவிட்டன. அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றது, அவர் வேலையும் நின்றது. எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ராயப்பேட்டையில் காத்தாடிக் கடை. கடைக்கு எதிரே புளியமரத்தில் பையன்கள் சுட்டிக் காட்டிய பழத்தை நான் உண்டிவில்லால் அடித்து விழவைப்பதை அந்த வழியாகப் போன சவுண்டுக்காரர் பார்த்திருக்கிறார். மறுநாளே என்னைக் கூட்டிப் போய்விட்டார். ஒரு வாரத்தில் வேலை பிடிபட்டுவிட்டது.

வேலை என்றால் சும்மா ஓட்டுவது இல்லை. காக்காவை அடிக்கக்கூடாது, காக்கா உட்கார்ந்திருக்கும் ஓலைக்குப் பக்கத்து ஓலையை அடிக்க வேண்டும். அதுவும் காட்சி எடுப்பதற்கு முன்னால். எடுக்க ஆரம்பித்த பிறகு உண்டிவில்லைக் கீழே வைத்துவிட்டு ஒரு கறுப்புக் குடையோடு நிற்பேன். காக்கா கிளையில் வந்து இறங்கி வாயைத் திறக்கப் போகும் சமயம் பார்த்துக் குடையை மெல்ல விரிப்பேன். பட்டென்று விரித்தால் பயந்து கத்தும். மெல்ல விரித்தால் யோசித்துக்கொண்டே போய்விடும். இப்படியே போனதில் காக்காய்களுக்கு என் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. காலையில் நான் சைக்கிளில் அடையாறு பாலத்தைத் தாண்டும்போதே ஒன்று பார்த்துச் சொல்லிவிடும். மாலையில் வீடு திரும்பும்போது பாலம் வரைக்கும் தலைக்கு மேலே திட்டிக்கொண்டே வந்து வழியனுப்பும். காந்திக்குக்கூட அப்படிக் கூட்டம் வந்திருக்காது என்று என் மனைவி ஜைனபு கேலி செய்வாள்.

இந்த நிலைமையில்தான் டைரக்டர் வைத்தா ஒரு படம் எடுக்க வந்தார். முழுப் பெயர் வைத்தியநாதன், மயிலாப்பூர்க்காரர். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். அந்தக் காலத்து டைரக்டர்கள் குழாய் வைத்துக் கத்துவார்கள். இவர் குரலே எழும்பாது. துணி இழுக்கும் பையன் வரைக்கும் எல்லாரையும் நீங்கோ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகத் தளமே மூச்சை அடக்கிக்கொள்ளும். ஒரு தடவை "கட்" என்று அவர் சொன்னது காமிராக்காரர் காதில் விழாமல் பிலிம் தீரும் வரைக்கும் ஓடிவிட்டது. அதிலிருந்து "கட்" என்பதற்குப் பதில் அங்கவஸ்திரத்தைத் தரையில் போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். சவுண்டுக்காரருக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம்.

அவர் எடுத்தது பேய்ப் படம். பேய் இல்லாத பேய்ப் படம். கதையை எங்களுக்கெல்லாம் உட்காரவைத்துச் சொன்னார். பெரிய வீடு, கூட்டுக் குடும்பம். அமாவாசைக்கு அமாவாசை அந்த வீட்டில் ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைக்க வேண்டும். காக்கா வந்து எல்லாருடைய சோற்றையும் எடுத்தால் சந்தோஷம். யார் வைத்த சோற்றைத் தொடாமல் போகிறதோ, அந்த ஆளை முன்னோர்கள் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவரோடு யாரும் பேச மாட்டார்கள். அடிப்பது திட்டுவது ஒன்றும் கிடையாது. இலை போட மாட்டார்கள், அவ்வளவுதான். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் துணியை மடித்து வைப்பார்கள். புதிதாக அந்த வீட்டுக்கு வந்த மருமகள் முதலில் இதை விளையாட்டு என்று நினைக்கிறாள். பிறகு ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு போகும்போது, மூத்த நாத்தனார் ஒருத்தி மூலையில் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிகிறது. கடைசி அமாவாசையில் மருமகளும் சோறு வைக்கிறாள். காக்கா நாலு பிடியைத் தின்றுவிட்டு அவளுடையதை விட்டுவிட்டுப் போகிறது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்க்கிறாள். அவன் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறான். படம் முடிந்தது.

அவர் சொல்லி முடித்தபோது, பட்டப்பகலில் எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

எடுக்கும்போது என்னவோ ஒரே கும்மாளம்தான். பயங்கரம் முழுவதையும் உச்சி வெயிலில்தான் எடுக்க வேண்டும். மருமகளாக நடித்த கமலம் பயத்தில் நடுங்கியபடி இருட்டு அறைக்குள் நுழைவாள், முகத்திலிருந்து மேக்கப் ஆறாக ஓடும். வைத்தா சார் அதையும் ரசித்தார். பயத்தில் வேர்க்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள் என்பார். நாத்தனாராக நடித்தவர் பழைய நாடகக்காரம்மா. நடிப்புக்கு நல்லது என்று அவரோடு மற்ற நடிகர்கள் வெளியிலும் பேசக்கூடாது என்று டைரக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா, பேச வேண்டாம், ஆனால் மத்தியானம் சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

படத்துக்குப் பணம் போட்ட முதலாளிக்குத்தான் பொறுமை இல்லை. ஜவுளிக்கடைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் எதுவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவருக்கு. எடுத்த வரைக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பேய்ப் படம்னு சொன்னே, பேய் எங்க கீது?" என்று கேட்டார். வைத்தா சார் கடைசிக் காட்சியைப் பாருங்கள், அப்போது தெரியும் என்றார். சரி, அந்த ஒரு காட்சியைப் பார்க்கிறேன், அது சரியாக வராவிட்டால் நான் சொல்கிறபடிதான் என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொல்கிறபடி என்றால், வெள்ளைப் புடவைப் பேய் ஒன்று கிணற்றிலிருந்து வந்து டான்ஸ் ஆடும். புடவை தைத்தாகிவிட்டது. பாட்டுக்கு மெட்டும் போட்டாகிவிட்டது. டான்ஸ்காரி தினமும் வந்து மர நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வைத்தா சார் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார்.

என்னைக் கூப்பிட்டார். "பாய், இத்தனை நாள் காக்கா வரப்படாதுன்னு உங்களுக்குச் சம்பளம். இனிமே வரணும். ஒண்ணே ஒண்ணு வந்தாப் போறும்" என்றார். அதற்கென்ன சார், தோப்பு நிறையக் கிடக்கிறது என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஒன்றுகூட வரவில்லை. மதில்மேல் சோறு வைத்தோம், வடை வைத்தோம், ஜாங்கிரி வைத்தோம். வைத்ததை எல்லாம் எறும்பும் துணை நடிகர்களும் தின்றார்கள். காக்காய்கள் தூரத்து மரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னை மறைந்துகொள்ளச் சொன்னார்கள். மறைந்த இடத்துக்கு மேலேயே வந்து வட்டம் போட்டன. மேக்கப்காரர் எனக்குக் குடுமி ஒட்டி, பஞ்சகச்சம் கட்டி, விபூதிப் பட்டை போட்டுச் சாஸ்திரிகளாக்கி நிறுத்திப் பார்த்தார். கமலம் சிரித்ததில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. காக்காய்கள் ஏமாறவில்லை. கடைசியில் என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காரச் சொன்னார்கள். நான் போனேன். காக்காய்களும் என்னைத் திட்டிக்கொண்டே கூட வந்துவிட்டன. ஸ்டூடியோவில் அன்றைக்குத்தான் சவுண்டு சுத்தமாக இருந்தது.

மறுநாள் வைத்தா சார் தூரத்து மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தால் ஒருவர் படம் கெட்டுப்போக வேண்டுமா? அன்று ஜைனபுவிடம் சொல்லி அங்கலாய்த்தேன். அவள், நம் வீட்டிலேயே ஒரு காக்கா இருக்கிறதே என்றாள். உண்மைதான். நான் வெளியே காக்கா விரட்டிச் சம்பாதித்துக்கொண்டுவரும் அரிசியில் அவள் காலையில் ஒரு பிடி வடித்துக் கொல்லைச் சுவரில் காக்காவுக்கு வைப்பாள். அதற்கு நவாப் என்று பெயர். நடை அப்படி. நான் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தால் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டு கத்தும். அவளிடம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்.

நவாப்பை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஸ்டூடியோ எங்கள் வீட்டுக்கு வந்தது. கோபாலபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. தெருவே கூடிவிட்டது. ஜைனபு சினிமாவைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது என்று இருந்தவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சமையல்கட்டு ஜன்னலுக்கு உள்பக்கம் காமிரா வைத்துக்கொள்ளட்டும், கொல்லைக்கு மட்டும் அதிகம் பேர் வரக்கூடாது என்று என் வழியாகச் சொல்லி அனுப்பினாள். காமிரா ஓடும் சத்தம் நவாப்பை மிரட்டும் என்று எங்கள் வீட்டுப் பஞ்சு ரஜாய்ப் போர்வை இரண்டையும் அதன்மேல் போர்த்தினார்கள். எங்கள் கொல்லைச் சுவருக்கு மாக்கோலம் போட்டுக் காவி அடித்து ஐயர் வீட்டு மதில் ஆக்கினார்கள். வாசலில் நின்ற என் மச்சானுக்குத் தன் அக்கா வீடுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஜைனபு நெய் பிசைந்த சோற்றில் சின்னச் சின்னதாக நாலு பிடி வைத்தாள். ஐந்தாவதைக் கமலம் வைத்தாள். எல்லாரும் உள்ளே வந்து ஒளிந்துகொண்டோம். நவாப் வந்தது. நாலையும் தின்றது. பிறகு கமலம் வைத்ததை இன்னும் ருசித்துத் தின்றுவிட்டு அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டது. திரும்ப வைத்தோம். இந்தத் தடவை கமலத்தின் சோற்றைத்தான் முதலில் எடுத்தது. நவாப்புக்கும் அழகு தெரிகிறது என்றார் காமிராக்காரர். வைத்தா சார் சிரிக்கவில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இந்த வெயில் போனால் முதலாளி வைத்த கெடுவும் போய்விடும், அடுத்த நாள் வெள்ளைப் புடவைதான்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஜைனபு, "அவரு கையால வச்சா துன்னாது" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வைத்தா சார் என் கையைப் பார்த்தார். உண்டிவில் பிடித்துக் காய்த்த கை, கரடிக் குட்டி மாதிரி மயிர். அடுத்த நிமிஷம் மேக்கப்காரர் என்னை உட்காரவைத்து முழங்கை வரைக்கும் சவரம் செய்தார். மஞ்சள் பூசினார், பவுடர் போட்டார், விரலுக்கு மருதாணிச் சாயம் வைத்தார். கமலத்தின் வளையல் கட்டைவிரலைத் தாண்டவில்லை. ஜைனபு தன் வளையல்களைக் கழற்றி உள்ளேயிருந்து அனுப்பினாள். சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள அவற்றை ஏற்றிவிட்டார்கள். மேலே கமலத்தின் புடவைத் தலைப்பைச் சுற்றினார்கள். நான் சுவருக்கு அடியில் குந்திக்கொண்டு கையை மட்டும் மேலே நீட்டி ஐந்தாவது பிடியை வைக்க வேண்டும். கையை உடனே எடுக்காதீர்கள், கொஞ்சம் இருக்கட்டும் என்று வைத்தா சார் காதோடு சொன்னார்.

வைத்தேன். முருங்கை மரத்தில் இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. நவாப் சுவரில் இறங்கியது. ஒன்று, இரண்டு என்று தின்றுகொண்டே என் பக்கம் நடந்து வந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று இப்போதும் தெரியவில்லை. அது தொடக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கும் அதுதான் வேலை. ஆனாலும் அது நாலாவதைத் தின்றுவிட்டு ஐந்தாவதுக்கு எதிரே வந்து நின்றபோது, ஒரு வாய் எடுத்துக்கொள்ளேன் என்று உள்ளுக்குள்ளே கெஞ்சினேன். வளையல் லேசாகக் குலுங்கியது. நவாப் கழுத்தைச் சாய்த்து அந்தக் கையைப் பார்த்தது, எட்டிச் சுவருக்குக் கீழே என்னைப் பார்த்தது, இரண்டடி பின்னால் வைத்தது, பறந்துவிட்டது.

அங்கவஸ்திரம் தரையில் விழுந்தது.

படம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, டான்ஸ்காரிக்கு வேறு படத்தில் வேலை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். படம் மயிலாப்பூரில் சில வாரம் ஓடியது. கொட்டகையில் ஒருவரும் அலறவில்லை. ஆனால் படம் விட்டதும் சோடா குடிக்கக்கூட நிற்காமல் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று சோடாக்காரர் முறையிட்டார். ஒரு பத்திரிகையில், கதாநாயகியின் கைகூட நடிக்கிறது என்று எழுதினார்கள். அதிலிருந்து கமலம் என்னை எங்கே கண்டாலும் பொய்க் கோபத்தோடு இடுப்பில் கை வைத்துக்கொள்வாள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதெல்லாம் இல்லை. அங்கவஸ்திரம் விழுந்ததே, அதற்கு அடுத்து நடந்தது.

காட்சி வந்துவிட்டது என்று எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. காமிராக்காரர் கமலத்தின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், மேக்கப்காரர் குதிக்கிறார், சந்தில் நின்ற கூட்டம் காரணம் தெரியாமலே கை தட்டுகிறது. நான் சுவருக்கு அடியில் அப்படியே குந்தியிருந்தேன். வளையல் கழலவில்லை. கால் மரத்துவிட்டது. என்னைத் தாண்டித்தான் எல்லாரும் போனார்கள் வந்தார்கள், சாமான்களைக் கட்டினார்கள். ஒருவர் என் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கொடியில் போட்டிருந்த கறுப்புத் துணியை எடுத்துப் போனார். யாருக்கும் என்மேல் ஒன்றும் இல்லை, சந்தோஷத்தில் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் கண் சுவருக்குத்தான் போனது. சுவரில் அந்த ஒரு பிடி சோறு அப்படியே இருந்தது.

ஜைனபு கொல்லைக்கு வந்தாள். கூட்டம் இருந்தும் வந்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். சுவரிலிருந்த சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"காக்கா துன்னாட்டி போவுது. வச்ச கை இன்னா கெட்டா போச்சு?" என்று சொல்லிவிட்டு, பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். மீதியை எனக்கு ஊட்ட வந்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் வைத்தா சார் எதிரே நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியாது. கண் நிறைந்திருந்தது. ஜைனபு முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரும்மா என்று கையைக் காட்டினார்.

"எங்க அத்தை பதினோரு வருஷம் எங்காத்து மாடி ரூம்ல இருந்தா, பாய். அவ வச்ச சோத்தை எடுத்துத் திங்க அங்கே ஒருத்தருக்கும் தோணலை. நேக்கும் தோணலை" என்றார்.

அதுவரைக்கும் அவர் அந்தக் கதையைக் கற்பனை செய்ததாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எங்களுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்த மனுஷர், நெற்றியில் விபூதி, கூடத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜைனபுவின் பக்கம் கையை நீட்டி, "நேக்கும் ஒரு வாய் குடும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். எனக்கென்று வைத்திருந்ததில் பாதியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை வாயில் போட்டு, ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் மென்று விழுங்கினார்.